ஏற்கெனவே டெங்கு வந்தவர்களின் கவனத்துக்கு

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை. மாரி மழை ஓய்ந்து, முற்றத்துச் சிரட்டையிலும் கைவிட்ட டயரிலும் தேங்கிய தண்ணீர் மிஞ்சியிருக்கும் காலம். வன்னியில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் டெங்கு நோயாளர்களை அதிகம் காண்பது இந்த நாட்களில்தான். அன்று ஓர் இளைஞரைத் தாயார் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். நான் எதையும் கேட்கும் முன்பே, பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை இளைஞர் நீட்டினார்.

"டொக்டர், எனக்கு 2017இல் கொழும்பில் கடையில் நின்றபோதே டெங்கு வந்து மாறிவிட்டது. இனி வராது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று இதிலும் போட்டிருக்கிறார்கள்."

முந்திய நாள் தனியார் ஆய்வுகூடமொன்றில் எடுத்த அறிக்கை அது. டெங்கு ஐ.ஜி.எம் (புதிய தொற்றில் முதலில் தோன்றும் எதிர்ப்புப் புரதம்) இல்லை, ஐ.ஜி.ஜி (பின்னர் தோன்றி நீண்டகாலம் நிற்பது) உண்டு என்று இருந்தது. காய்ச்சல் தொடங்கி அன்று ஐந்தாம் நாள். "காய்ச்சல் விடியவே விட்டுவிட்டது டொக்டர், சத்திதான் நிற்கவில்லை" என்றார் தாயார். இளைஞரின் கையைத் தொட்டேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. இரத்த அழுத்தம் 100க்கு 80. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு எண்களுக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்கியிருந்ததுதான் ஆபத்து. உடனே விடுதியில் சேர்த்தோம்.

அவர் சொன்னது அவர் ஒருவருடைய நம்பிக்கை அல்ல. எங்கள் மக்கள் அனுபவத்தில் கற்ற பாடம் அது. 2009இல் செட்டிக்குளம் முகாம்களில் இருந்தவர்களுக்குக் கொப்புளிப்பானும் செங்கமாரியும் கூடாரத்துக்குக் கூடாரம் பரவியது நினைவிருக்கும். கொப்புளிப்பான் ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது மிக அரிது. அன்று அங்கு பரவிய ஹெப்பற்றைற்றிஸ் ஏ வகைச் செங்கமாரியும் அப்படித்தான். சின்னமுத்துக்கு இன்னும் வலுவான சான்று உண்டு. 1846இல் வட அத்திலாந்திக்கில் உள்ள பரோ தீவுகளில் சின்னமுத்து பரவி, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்தார்கள். அங்கு போன பீற்றர் பானும் என்ற டென்மார்க் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். 65 ஆண்டுகளுக்கு முன், 1781இல், அதே நோய் வந்து பிழைத்திருந்த முதியவர்களை அது மீண்டும் தொடவில்லை.

இந்த நிர்ப்பீடனத்துக்கு, அதாவது எதிர்ப்புச் சக்திக்கு, பெரிய காரணம் இரத்தத்தில் சுற்றும் பிறபொருளெதிரிகள். வைரசின் மேற்புறத்தில் குறித்த ஓர் இடத்தைப் பற்றிப்பிடித்து, அது எமது கலத்துக்குள் நுழையாமல் தடுக்கும் புரதங்கள் அவை. ஒரு ஐ.ஜி.ஜி மூலக்கூறு நெடுங்காலம் வாழ்வதில்லை. ஏறத்தாழ மூன்று கிழமைகளில் பாதி அளவு அழிந்துவிடும். ஆனால் அவற்றைச் சுரக்கும் கலங்கள் என்பு மச்சையில் பல ஆண்டுகள் தங்கியிருந்து புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். சின்னமுத்து வைரசு தன் முகத்தை மாற்றுவதில்லை. அதனால் ஒரு தடவை கற்றது ஆயுளுக்கும் உதவுகிறது. இன்புளுவென்சாவும் கோவிட் வைரசும் முகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் திரும்பத் திரும்ப வருகின்றன. கோவிட் காலத்துக்குப் பிறகு பிறபொருளெதிரி என்ற சொல்லே காவல் என்ற பொருளில் வீடுகளில் புழங்குவதைக் காண்கிறேன். டெங்குவைப் பொறுத்தவரை அந்தப் பொருள் பாதிதான் சரி.

டெங்கு என்பது ஒரே பெயரில் திரியும் நான்கு வைரசுகள். நான்குமே இலங்கையில் உண்டு. ஒரு வகை வந்து மாறினால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு நீண்டகாலம் நிற்கும். மற்ற மூன்றுக்கும் எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் தேய்ந்துவிடும். பின்னாளில் போலியோ சொட்டு மருந்தைத் தந்த அல்பேர்ட் சபின் 1940களிலேயே தொண்டர்களிடம் இதைக் காட்டினார். இன்னொரு வகைக்கு எதிரான முழுப் பாதுகாப்பு இரண்டு மூன்று மாதங்களே நின்றது.

தேய்ந்த பிறகு மிஞ்சும் பிறபொருளெதிரிதான் சிக்கல். காட்டில் திரியும் குழுமாடு பிடிக்கப் போன பெரியவர்களின் கதை கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வார்க்கயிற்றைச் சரியாக வீசி, காலையும் கொம்பையும் இறுக்கிக் கட்டினால் மாடு அசையாது. கயிறு ஒரு கொம்பில் மட்டும் தளர்வாக மாட்டியிருக்க, அப்படியே இழுத்துவந்து பட்டிக்குள் விட்டால் என்ன நடக்கும்? வேலியைத் தாண்ட வழியில்லாமல் வெளியில் நின்ற மாட்டை நாமே உள்ளே விட்டதாகிவிடும். முதல் வகைக்கென உருவான பிறபொருளெதிரி இரண்டாம் வகை வைரசை இப்படித்தான் அரைகுறையாகப் பிடிக்கிறது. பிறபொருளெதிரி பிடித்துக் கொண்டுவருவதை விழுங்கி அழிப்பது சில வெண்குருதிக் கலங்களின் வேலை. டெங்கு வைரசு பெருகுவதும் அதே கலங்களுக்குள்தான். கட்டு அவிழ்ந்த வைரசு அங்கேயே பல்கி இரத்தத்தில் பெருந்தொகையாகக் கொட்டுகிறது. அதற்கு உடல் காட்டும் கடும் எதிர்வினையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன.

கியூபா இதைத் தன் மக்களின் உயிர்களைக் கொடுத்து அறிந்தது. 1977இல் அங்கு முதலாம் வகை பரவியது. பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாகவே போனது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 344,000 பேர் வரை நோயுற்று 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் முதலாம் வகையை ஏற்கெனவே கண்டவர்கள். 1997இல் சந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் வந்தது. அப்போதும் அதே கதைதான், இருபது ஆண்டு கழிந்த பின்னரும். நிக்கரகுவாவில் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வு மேலும் ஒன்றைத் தெளிவாக்கியது. பிறபொருளெதிரி நிறைய இருந்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. கடும் டெங்குவின் ஆபத்து மிகக் கூடியது நடுத்தரமான ஓர் அளவில் இருந்தவர்களுக்கு.

இதே காரணத்தால்தான் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியும் நான் கவலைப்படுகிறேன். டெங்கு கண்ட தாயின் பிறபொருளெதிரி கருவிலேயே பிள்ளைக்குப் போகிறது. முதல் சில மாதங்கள் அது காக்கும். பிறகு தேய்ந்து அந்த ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது, பிள்ளைக்கு வரும் முதல் டெங்குவே கடுமையாகக்கூடும். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பல் முளைக்கிறது என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

இனி அந்த இளைஞரின் தாளுக்கு வருகிறேன். இரண்டாம் முறை தொற்றும்போது உடலின் பழைய நினைவு விழித்து, ஐ.ஜி.ஜி சில நாட்களிலேயே மளமளவென ஏறும். ஐ.ஜி.எம் குறைவாகவே இருக்கும். சிலரில் தென்படவே மாட்டாது. ஆகவே காய்ச்சலின் ஐந்தாம் நாளில் அவர் காவல் என்று எண்ணி நீட்டிய அறிக்கைதான் இரண்டாம் டெங்குவுக்கான முதல் தடயம். அந்தத் தாளை நம்பி அவர் ஒரு பகலையும் ஓர் இரவையும் வீட்டில் கழித்துவிட்டார்.

விடுதியில் விரல் நுனியிலிருந்து இரத்தம் எடுத்து, நூல் தடிப்புள்ள கண்ணாடிக் குழாயில் விட்டுச் சுழற்றிப் பார்த்தோம். சுழன்று நின்றதும் குழாயின் அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிறத்து நீரும் பிரிந்து நிற்கும். ஆரோக்கியமான ஓர் ஆணில் சிவப்பு பாதிக்குக் கீழே, நூற்றுக்கு 40, 45 என்ற அளவில் நிற்க வேண்டும். அவருடையது 52. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசிந்து, வயிற்றறையிலும் நெஞ்சறையிலும் சேர்ந்துகொண்டிருந்தது. காய்ச்சல் விடும் நேரமும் இந்தக் கசிவு தொடங்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். வீட்டார் நிம்மதியடையும் அதே மணித்தியாலங்களில் நோய் மிகவும் மோசமாகிறது. கசிவு 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும். அந்த நேரத்தில் மணிக்கு மணி சிறுநீரை அளந்து, நாடித்துடிப்பைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேலைன் கொடுத்துக் கடக்கவைப்பதுதான் சிகிச்சை. பப்பாசி இலைச் சாறு அதற்கு ஈடாகாது.

இரண்டாம் டெங்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இப்படியாவதில்லை, பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள். முதல் டெங்குவிலும் கடுமையானவர்கள் உண்டு. ஆனால் முன்பு வந்தது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு தாமதிப்பவர்களைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். காய்ச்சலோடு வைத்தியரிடம் போனால் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: எனக்கு இன்ன ஆண்டு டெங்கு வந்தது, இன்ன வைத்தியசாலையில் இருந்தேன். மூன்றாம் நாள் எப்.பி.சி எனும் இரத்தக் கல எண்ணிக்கைப் பரிசோதனை செய்யுங்கள். பரசிற்றமோல் மட்டும் போதும். மூட்டுவலிக்கு வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபென், அஸ்பிரின் எதையும் தொட வேண்டாம். காய்ச்சல் விட்ட பின் வயிற்றுவலி, நிற்காத சத்தி, குளிர்ந்த கைகால், தலைச்சுற்று, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே புறப்படுங்கள். கடைசி பஸ் போய்விட்டது, வழியில் யானை நிற்கும், விடியட்டும் என்று எங்கள் பகுதிகளில் சொல்வதன் நியாயம் எனக்குத் தெரியும். அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே முடிவெடுங்கள் என்கிறேன். இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

விடுதியில் சேர்த்த ஆறாம் நாள் அவருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினோம். அட்டையில் 2017ஐயும் இந்த ஆண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தாயார் அதை அதே பொலித்தீன் உறைக்குள் வைத்தார். "இனியாவது வராதா டொக்டர்?"

"நான்கில் இரண்டு போய்விட்டன, அம்மா. மூன்றாவது வந்தால் பெரும்பாலும் இவ்வளவு கடுமையாக இராது. ஆனால் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் இந்த அட்டையோடு வாருங்கள்."