பேஸ் கிட்டார் செய்யச் சொல்லும்போது காசை எதில் போடுவது?

பேஸ் கிட்டாரைத் தனியாகச் சொல்லிச் செய்கிறவர்கள் முதலில் மண்டையைக் குடைந்துகொள்வது பாடி, அதாவது உடற்பகுதி, என்ன மரம் என்பதில்தான். ஆல்டரா, ஆஷா, மேலே ஒட்டும் பலகையில் ரேகை அழகாக ஓடுகிறதா என்று வாரக்கணக்கில் யோசிப்பார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதன்மேல் அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும், அவ்வளவுதான். மரத்தின் முக்கிய வேலை, தந்தியின் அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்வது. அதையும் அதிகம் செய்வது தடித்த பாடி அல்ல, நீண்டு மெலிந்த நெக், அதாவது கழுத்துப் பகுதி.

நம்பாவிட்டால் ஜி தந்தியில் 5-ஆவது ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 7 வரை ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். பல கிட்டார்களில், அதிலும் 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸைப் போல மேப்பிள் நெக்கைத் திருகால் பூட்டியவற்றில், அங்கே ஒரு சுரம் மட்டும் பொசுக்கென்று அடங்கிவிடும், பக்கத்து ஃப்ரெட் கணீரென்று நிற்கும். இதற்கு டெட் ஸ்பாட் என்று பெயர். அந்தச் சுரங்கள் 131 முதல் 147 ஹெர்ட்ஸ் வரை. நெக் தானாக ஆடும் அதிர்வெண்ணும் அதே இடத்தில் வந்து விழுவதால் தந்தியின் சக்தி அப்படியே நெக்குக்குப் போய்விடுகிறது. துணி சுற்றிய ஒரு சி கிளாம்பைத் தலைப்பகுதியில் மாட்டினால் எடை கூடி நெக்கின் அதிர்வெண் இறங்கும், செத்த சுரம் பிழைத்துக்கொள்ளும், கோளாறு கீழ் ஃப்ரெட் ஒன்றுக்கு நகரும்! ஆக, தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் டியூனரின் எடையும் ஒலியில் சேர்த்திதான். நான் இலேசான டியூனரையே சொல்வேன், தோளில் மாட்டினால் தலை கீழே இழுக்காது என்பதும் சேர்த்து. மிச்சக் காசை நெக்குக்குள் வைக்கும் கார்பன் ஃபைபர் கம்பிகளில் போடலாம், நெக் விறைப்பாகும்.

ஃபிங்கர்போர்டுக்கு, அதாவது நெக்கின் மேல் விரல் பதியும் பலகைக்கு, ரோஸ்வுட் வேண்டுமென்றால் அது பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரம்தான். 2017-இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-இல் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடித்த பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. பலகையாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் இன்னும் அனுமதிச்சீட்டு வேண்டும்.

அப்புறம், மின்சாரத்திலிருந்து பிக்அப் பிடித்துக்கொள்ளும் இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஈ தந்தியின் 3-ஆவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரமோ 49. வடிகட்டி போட்டு இரைச்சலை வெட்டினால் சுரமும் சேர்ந்து வெட்டுப்படும். 1957-இல் ஃபெண்டர் இதற்குச் செய்த வழி எனக்கு இன்றும் பிடித்தது: பிக்அப்பை இரண்டாகப் பிரித்து, பாதிக்கு இரண்டு தந்தி என்று கொடுத்து, ஒரு பாதியின் சுற்றையும் காந்தத்தையும் மற்றதற்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். இரண்டு சுருளிலும் எதிரெதிராக நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது, தந்தியின் ஒலி தப்பிவிடுகிறது.

கிட்டாருக்குள்ளேயே ஒலியைக் கூட்டும் சிறு மின்சுற்றான ஆக்டிவ் பிரீஆம்ப் வைத்தால் நீளமான கேபிளில் மேல்சுரங்கள் மங்குவது குறையும், பாஸையும் ட்ரெபிளையும் கூட்டவும் முடியும். 9 வோல்ட் பேட்டரி கேட்கும். பெரும்பாலான கிட்டார்களில் அதற்கு ஸ்விட்ச், கேபிள் செருகும் ஜாக்கேதான், கேபிளைச் செருகியதும் மின்சுற்று மூடிக்கொள்ளும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கச்சேரியின் நடுவில் பேட்டரி இறங்கிவிடும்.