கிழிசலா, அழுகலா? மருந்து ஊற்றும் முன் பாருங்கள்

போன வாரம் ஒரு அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் பையனும் ஒரு ஃபைட்டர் மீனை பாட்டிலில் கொண்டுவந்தார்கள். தண்ணீர் மை கரைத்தது போல இருந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது நீல பாட்டில். பிளாஸ்டிக் செடியில் உரசி வால் கிழிந்திருக்கிறது. பத்து நாள் கழித்து, கிழிந்த ஓரத்தில் கண்ணாடி போல ஒரு விளிம்பு தெரிந்திருக்கிறது. "பூஞ்சை பிடிச்சிருக்கு" என்று யாரோ சொல்ல, மெத்திலீன் ப்ளூ என்ற நீல நிற மருந்தை தொட்டியிலேயே ஊற்றிவிட்டார்கள்.

அது பூஞ்சை இல்லை. புதிதாக வளர்கிற துடுப்பு! மீன் சிவப்போ நீலமோ, துடுப்பு திரும்ப வளரும்போது முதலில் நிறமில்லாமல்தான் வளரும். நிறம் ஏற இன்னும் சில வாரம் ஆகும். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி புசுபுசுவென்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புதுத் துடுப்பு தட்டையாக, பழைய துடுப்பின் தொடர்ச்சியாக இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆறிக்கொண்டிருக்கும் காயத்தை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவதைத்தான் நான் வாராவாரம் பார்க்கிறேன்.

மெத்திலீன் ப்ளூ மோசமான மருந்து இல்லை. ஆனால் மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நீக்குகிற, ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். அவர்கள் தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். பூஜ்யமாக இருக்க வேண்டிய அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டியது. இப்போது அந்த மீனுக்கு நிஜமாகவே துடுப்பு அழுக ஆரம்பித்திருக்கிறது.

வெறும் கிழிசலில் ஓரம் சுத்தமாக இருக்கும், நிறம் மாறாது, நேற்று இருந்த அளவேதான் இன்றும் இருக்கும். மீன் வழக்கம்போல சாப்பிடும். அழுகலில் ஓரம் அரித்தது போல இருக்கும். கறுப்போ வெள்ளையோ சிவப்போ படரும், நாளுக்கு நாள் உடம்பை நோக்கி ஏறும். சந்தேகமா? ஒரே வெளிச்சத்தில் மூன்று நாள் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே இரவில் வாலில் பெரிய துண்டு காணோம் என்றால், நீள வால் ஃபைட்டர் தன் வாலைத் தானே கடித்திருக்கலாம். ஏஞ்சல் மீனோடு, துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப் மீனை விட்டிருந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம், பிரித்துவிடுங்கள்.

வாயிலும் முதுகிலும் சாம்பல் வெள்ளைப் படலம் தெரிந்தால் மட்டும் மூன்று நாள் காத்திருக்காதீர்கள். அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம், ஓரிரு நாளிலேயே கொல்லக்கூடியது. உடனே காட்டுங்கள்.

கிழிசலுக்கு நல்ல தண்ணீர் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு. ஃபைட்டருக்குத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். நைலான் துணியால் செடியைத் தடவுங்கள், இழை மாட்டினால் அந்தச் செடி வேண்டாம். உங்கள் வீட்டு ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டாதீர்கள். எத்தனை தடவை சொல்வது!

அப்புறம் ஒன்று. மீனைக் கொண்டுவரும்போது தொட்டித் தண்ணீரையும் தனி பாட்டிலில் கொண்டுவாருங்கள். என்ன ஊற்றினீர்கள், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டேன்.