பதிவு: படிப்பதற்கும் பேர் கொடுக்கணுமா?

மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் கொய்யாச் செடிக்கு விண்பதியம் (கிளையை வெட்டாமல் செடியிலேயே வைத்து வேர்விடச் செய்வது) போட வேண்டியிருந்தது. எந்தக் கிளையில் பட்டையைச் சீவுவது, எத்தனை விரல் அகலம் சீவுவது, மேலே என்ன வைத்துக் கட்டுவது என்று இணையத்தில் தேடினேன். மாடித் தோட்டக்காரர்கள் கூடிப் பேசும் இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் படம் படமாகப் போட்டு விளக்கியிருந்தார். முதல் இரண்டு வரி தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது வரியிலிருந்து எல்லாம் பனிமூட்டம். அதன் மேல் ஒரு பெட்டி: "பதிவுகளைப் படிக்கப் பதிவு செய்யவும்."

பதியம் பற்றிய பதிவைப் படிக்கப் பதிய வேண்டும்! எரிச்சலை மீறிச் சிரிப்பு வந்தது. மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. கொய்யாவை விட்டுவிட்டு அந்த வேரைக் கிளறப் போய்விட்டேன்.

பதி என்பது ஒன்றில் இன்னொன்று அழுந்தி நிற்பதைக் குறிக்கும் வினை. ஈர மணலில் கால் பதிகிறது. கேட்ட சொல் மனத்தில் பதிகிறது. தோட்டில் கல்லைப் பதிக்கிறார்கள். கிளையை மண்ணுக்குள் அழுத்தி வேர்விட வைப்பது பதியம். மக்கள் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் அந்த ஊரும் பதி. புகார் நகரத்தாரைச் சிலப்பதிகாரம் 'பதியெழு வறியாப் பழங்குடி' என்று சொல்வது இந்தப் பொருளில்தான். (கணவனைக் குறிக்கும் பதி வடசொல். பதிவிரதைக்கும் பத்திரப்பதிவுக்கும் உறவு இல்லை.) தாளில் எழுத்து அழுந்தி நிற்பதால் எழுதிவைப்பதும் பதிவு ஆனது. அதிலிருந்துதான் பதிவேடு, பதிவாளர், பதிவுத் தபால், பத்திரப்பதிவு எல்லாம் வந்தன.

இதே வினைக்கு அகராதிகள் இன்னொரு பொருளும் தருகின்றன: பதுங்குதல். புலி பாய்வதற்கு முன் உடலைத் தரையோடு அழுத்திக் கிடக்கிறதே, அது பதியிருத்தல். ஆக, தன் பெயரை எழுதித் தெரியப்படுத்துவதும் பதிதல். யார் கண்ணிலும் படாமல் ஓரமாகக் கிடப்பதும் பதிதல். பிறகு இந்த இரட்டைப் பொருளுக்குத் திரும்பி வருகிறேன்.

ஆங்கிலத்து ரெஜிஸ்டருக்கு வருவோம். அது லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீன் மூலத்தில் 're' என்றால் திரும்ப, 'gerere' என்றால் சுமந்து வருதல் என்று சொல்வார்கள். தமிழில் எழுதினால் 'ரெ', 'கெரெரெ'. நடந்ததைத் திரும்பக் கொண்டுவந்து ஏட்டில் சேர்ப்பது என்பது கருத்து. கம்பெனி ஆட்சிக் காலத்திலும் பிறகும் நம் வாயில் அது ரிஜிஸ்தர் ஆயிற்று. சார்பதிவாளர் அலுவலகம் என்று பலகை மாட்டி எத்தனையோ காலம் ஆகியும் ஊரில் அது ரிஜிஸ்தர் ஆபீஸ்தான்.

அதற்கு முன் நம்மிடம் சொல் இல்லாமலா இருந்தது? சோழர் செப்பேடுகளில் அரசனின் ஆணை எந்தெந்த அதிகாரி கைவழியாகப் போனது என்று வரிசையாகச் சொல்வார்கள். வரிப்பொத்தகம், வரியிலிடு, பட்டோலை என்று பதவிப் பெயர்கள் வரும். பொத்தகம் என்பது புத்தகம். வரியிலிடுதல் என்பது கணக்கில் ஏற்றுதல். பத்திரத்துக்கு ஆவணம் என்று பெயர். ஒரு வழக்கில் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று மூன்று சான்றுகள் செல்லும் என்பது பெரியபுராணத்தில் சுந்தரரின் வழக்கில் வருகிறது. அங்கே, 'உன் பாட்டன் எழுதித் தந்தபடி நீ என் அடிமை' என்று கிழவர் ஒருவர் கொண்டுவந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறாக இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அதை வாங்கி, பாதுகாப்பில் இருந்த இன்னோர் ஓலையை வரவழைத்து, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பதிவு அலுவலகம் இன்றைக்குச் செய்யும் வேலை அப்படியே இருக்கிறது. முத்திரைத்தாள் மட்டும்தான் இல்லை.

ஈழத்து வழக்கு இன்னும் சுவையானது. அங்கே வாக்காளர் பட்டியல் வாக்காளர் இடாப்பு. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும் ஏடு வரவு இடாப்பு. போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்லிலிருந்து நிலப்பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர் வந்தது. லிஸ்பன் ஆவணக் காப்பகத்தின் பெயரிலும் அந்தத் தோம்பு உண்டு. கல்யாணத்தைச் சட்டப்படி பதிவதற்கு யாழ்ப்பாணத்தில் 'எழுத்து' என்பார்கள். "எழுத்து முடிஞ்சுது, தாலிகட்டு ஆவணியில" என்றால் பாதிக் கல்யாணம் ஆயிற்று என்று அர்த்தம். எனக்கு ரிஜிஸ்டர் மேரேஜைவிட அது பிடித்திருக்கிறது.

இத்தனை சொல்லையும் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. இவற்றில் பெரும்பாலானவை எழுதுகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் உரியவை. வாசிக்கிறவனைப் பதிவதற்கு என்று ஒரு சொல்கூட இல்லை.

சட்டமும் அப்படித்தான் போகிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் வாங்கினால் பதிய வேண்டும். எதற்கு? உலகத்துக்குத் தெரிவதற்கு. பதிவான பத்திரத்தை, பின்னால் அந்த நிலத்தை வாங்க வருகிறவர் அறிந்திருந்ததாகவே சொத்து மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. அப்படியானால் பார்ப்பதற்கு வழி இருக்க வேண்டுமே? அதற்குத்தான் 57-ஆம் பிரிவு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தையும், பதிய மறுத்த காரணங்கள் எழுதப்படும் இரண்டாம் புத்தகத்தையும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் எவரும் பார்க்கலாம். அண்ணன் தம்பியாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்து வயல்காரராகவும் இருக்க வேண்டியதில்லை. 'ஈ.சி. போட்டுப் பார்' என்று ஊரில் சொல்லும் வில்லங்கச் சான்று நிற்பது இந்தத் திறந்த புத்தகத்தின் மேல்தான்.

உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகத்துக்கும், பலவகைப் பத்திரங்கள் ஏறும் நான்காம் புத்தகத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை உயிலின் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் கிடைக்கும். எது ஊருக்கு, எது வீட்டுக்கு என்று புத்தகத்தைப் பிரித்து வைத்தார்களே தவிர, எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டு வாசலில் பூட்டவில்லை. நூறு வருடத்துக்கு மேல் பழைய இந்த ஏற்பாடு, மாடித் தோட்டத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1867-ஆம் ஆண்டு அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டமும் இதே திசைதான். அச்சடித்தவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் தாளில் இருந்தாக வேண்டும் என்று அது சொன்னது. வாசித்தவர் பெயரை வெள்ளைக்காரன்கூடக் கேட்கவில்லை. டீக்கடையில் ஒரே தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஏழு பேர் படிக்கும் ஊரில் கேட்டிருந்தாலும் கணக்கு எடுத்திருக்க முடியாது.

படிக்கிறவரிடம் பெயர் கேட்ட இடங்களும் உண்டு, இல்லாமல் இல்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வாசிப்பறைக்குள் போக அந்தக் காலத்தில் வாசகர் சீட்டு வேண்டியிருந்தது. 1902-இல் லெனின் அங்கே படிக்கச் சீட்டு வாங்கியது ஜேக்கப் ரிக்டர் என்ற பெயரில். படிப்பதற்குப் பெயர் கேட்டால் என்ன பெயர் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நம் பக்கத்திலும் ஒன்று இருந்தது. ரேடியோ கேட்க லைசென்ஸ். வருடா வருடம் தபாலாபீஸில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை போட்டு வாங்க வேண்டும். சிலோன் ரேடியோவில் பாட்டுக் கேட்கிற ஆசாமிக்கு அரசாங்கத்தில் ஒரு கணக்கு! 1980களில் அதைத் தூக்கினார்கள். இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நூலகம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். கிளை நூலகத்துக்குப் போனால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் ஆக வேண்டும், காப்புத்தொகை கட்ட வேண்டும். உட்கார்ந்து படிக்க வாசல் மேசையில் ஒரு வருகைப் பதிவேடு, சணல் கட்டிய ஒரு பேனா. அதில் நாம் எழுதுவது பெயரா கிறுக்கலா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கைதான் அவர்களுக்குத் தேவை. பெயர் கேட்பதில் இது ஒரு நாகரிகமான வகை.

இணையத் தமிழின் முன்னோர்களும் இந்த வழியில்தான் போனார்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்களைப் படிக்க யாரும் யாருக்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படியே. அங்கேதான் உள்ளே நுழைவதற்குப் புகுபதிகை, வெளியேறுவதற்கு விடுபதிகை என்ற சொற்கள் பரவின. புகுந்து பதிதல், பதிந்ததை விடுதல். முதலில் கேட்டபோது கல்வெட்டுத் தமிழ் போல இருந்தது. பழகியபின் உள்நுழைவைவிட இதுதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. வேலை எது என்று சொல்லிலேயே தெரிகிறது.

இனி, 'ரெஜிஸ்டர் டு ரீட்' என்பதற்குத் தமிழ் என்ன? பத்திரத்துக்குப் பதிவு சரி. பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கை. வங்கி மாதிரி உள்ளே நமக்கென்று ஓர் இடம் தருவார்கள் என்றால் கணக்குத் தொடங்குதல். படிப்பதற்காகப் பெயரும் மின்னஞ்சலும் வாங்கிக்கொள்வதற்குப் 'பதிவு' என்ற சொல் பொருந்தவில்லை. அது அந்தக் காரியத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மரியாதையைக் கொடுத்துவிடுகிறது. பேச்சு வழக்கில் வேறு சொல் தயாராக இருக்கிறது: பேர் கொடுத்தல். "டியூஷனுக்குப் பேர் குடுத்திருக்கேன்", "மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிப் பேர் குடுத்து வச்சிருக்கோம்". ஒரு பொருளை எதிர்பார்த்து நம்மைப் பற்றிய விவரத்தை ஒப்படைக்கிறோம் என்பது இதில் தெளிவாகத் தெரியும். 'படிக்கப் பெயர் கொடுக்கவும்' என்று எழுதிப் பாருங்கள். உடனே 'எதுக்கு?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அந்தக் கேள்வி வருவதற்காகவே இந்தச் சொல்லைச் சிபாரிசு செய்கிறேன்.

எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவருக்கு ஆங்கிலத்தில் லர்க்கர் என்று பெயர். இருட்டில் நிற்கிறவன் என்ற சாயல் உள்ள சொல். மொழிபெயர்த்தால் நம்முடைய பதியிருத்தல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எதற்கு? எழுதாமல் படிக்கிறவருக்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது, வாசகர். ஆயிரம் பேர் படிக்க ஒருவர் எழுதுவதுதான் ஓலைக் காலத்திலிருந்து வழக்கம். அந்த ஆயிரம் பேரைத் திருடன் மாதிரிப் பார்க்கும் சொல் நமக்கு வேண்டாம்.

பூட்டுகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன். தெரிந்தவர் ஒருவர் நாணயம் சேர்க்கிறார். "என் அலமாரிப் படத்தை ஊர் முழுக்கப் பார்க்கணுமா சார்? நாளைக்கே வீட்டுக்கு ஆள் வரும்" என்றார். மறுக்க முடியவில்லை. இன்னொரு தொல்லை, மனிதர்கள் படிப்பதைவிட நிரல்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது. வாடகைக்குப் பிடித்த கணினி திணறிப் படுத்துவிடுகிறது, செலவு கைக்காசு. பறவை பார்க்கிறவர்கள் அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கையாளும் முறை கவனிக்கத் தக்கது. பட்டியல் சேர்க்கும் இபேர்ட் தளத்தில் ஆபத்திலுள்ள சில இனங்களைத் தனியாகக் குறித்துவைத்து, துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறார்கள். தளத்தில் பெயர் கொடுத்தவர் என்பதற்காக அது திறந்துவிடாது. கூட்டைத் தேடுகிற வேட்டைக்காரனுக்கு ஒரு பொய்ப் பெயர் கொடுக்க எத்தனை நிமிடம் ஆகும்?

நாணயக்காரரின் அலமாரிப் படம் மூன்றாம் புத்தகம். அதைப் பூட்டட்டும். பதியம் போடுவது எப்படி, துருப்பிடித்த நாணயத்தை எதால் தேய்க்கக் கூடாது, பழைய வால்வு ரேடியோவில் முதலில் எந்தக் கண்டென்சரைப் பார்ப்பது என்பதெல்லாம் முதல் புத்தகம். எழுத வருகிறவர் பெயர் கொடுக்கட்டும், அது முறை. சொன்னதற்குப் பொறுப்பு ஏற்க ஆள் வேண்டும். படிக்க வருகிறவருக்கு என்ன பொறுப்பு? தப்பாகச் சீவினால் அவர் கொய்யாதான் பட்டுப்போகும்.

அன்றைக்குக் கடைசியில் நானும் பெயர் கொடுத்தேன். ஜேக்கப் ரிக்டர். பட்டையைச் சுற்றிலும் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சீவி, ஈரத் தேங்காய் நார்க்கழிவு வைத்து பாலிதீனால் இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தார்கள், பதியம் பிடித்துவிட்டது. கடவுச்சொல் மறந்து மாதங்கள் ஆகின்றன. ரிக்டர் அங்கே ஒரு வரியும் எழுதாமல் இன்னும் பதியிருக்கிறார்.