திருட்டு நடந்த வீட்டைப் பெருக்காதீர்கள்: தடயப் பொருள்களும் நாம் கேட்டுப் பெறக்கூடியவையும்

பினாங்கில், ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ ஒரு வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்றால், போலீஸ் வந்து சேர்வதற்குள் வீடு பாதி ஒழுங்காகிவிடும். அம்மா உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவார். அக்கா தரையில் கிடக்கும் புடவைகளை மடித்து அலமாரியில் வைப்பார். பக்கத்து வீட்டு மாமா பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் திருடியவனின் கைரேகை அந்தப் பூட்டிலும் அலமாரிக் கதவிலும்தான் பதிந்திருக்கும். அதன்மேல் நம் விரல்கள் பட்டால், பிறகு எந்த நிபுணராலும் அதை மீட்க முடியாமல் போகலாம்.

அதனால் வீடு கலைந்து கிடப்பதைக் கண்டதும் வெளியே வந்துவிடுங்கள். ஆள் இன்னும் உள்ளேயே இருக்கக்கூடும். 999-ஐ அழையுங்கள். யாராவது காயம்பட்டிருந்தால் அவரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, தடயமெல்லாம் அப்புறம். மற்றபடி, அதிகாரி வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். பதற்றத்தில் எதையாவது தொட்டுவிட்டீர்களா? அதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டாரின் ரேகைகளைத் தனியே எடுத்துக் கழித்துவிட்டு, மிச்சமுள்ளதை அவர்கள் ஆராய்வார்கள். மழை வரப் போகிறது, வாசல் மண்ணில் காலடித் தடம் இருக்கிறது என்றால், அதில் படாமல் ஒரு பேசினைக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

கேமரா பதிவு விஷயத்தில் அவசரம் காட்டியே ஆக வேண்டும். வீட்டிலும் கடையிலும் உள்ள கருவிகள் இடம் நிறைந்ததும் பழைய பதிவை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதும். ஆகவே எதிர்வீட்டிலும் மூலைக் கடையிலும் அன்றே சொல்லி, பதிவை அழியாமல் வைக்கக் கேளுங்கள். எந்தெந்த இடத்தில் கேமரா உண்டு என்பதை விசாரணை அதிகாரியிடம், அதாவது எல்லாரும் ‘ஐ.ஓ.’ என்று சொல்பவரிடம், தெரிவியுங்கள். கருவியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பார்த்துக் குறித்து வையுங்கள். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணத்தை நீதிமன்றம் ஏற்பதற்கு வழி சொல்கிறது. அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் தரும் சான்றிதழ் இதில் முக்கியம். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கைமாறி வந்த துண்டுக் காணொளியைவிட, கருவியில் உள்ள மூலப் பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

போலீஸ் வந்த பிறகு நடப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இடத்தை இருந்தபடியே படம் எடுப்பார்கள், எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று வரைபடம் போடுவார்கள். அப்புறம்தான் பொருளை எடுத்து, குறியிட்டு, உறையிலிட்டு மூடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது ‘பாராங் கெஸ்’, அதாவது வழக்குப் பொருள். ரத்தமோ ஈரமோ உள்ள துணியைக் காயவைத்துத்தான் உறையில் இடுவார்கள், அதுவும் காகித உறையில். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து மரபணு சிதைந்துவிடும். கைவிட்டுக் கைபோகும்போதெல்லாம், உதாரணமாக ஐ.ஓ.விடமிருந்து இரசாயன இலாகாவுக்குப் போகும்போது, ‘செரா மென்யெரா’ என்ற ஒப்படைப்புப் படிவத்தில் தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். இந்தத் தொடர் ஏன் அறுபடக் கூடாது? வீட்டில் எடுத்த பொருளும் நீதிமன்றத்துக்கு வந்த பொருளும் ஒன்றுதானா என்ற ஐயம் எழுந்துவிட்டால், அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போகும். குற்றம் செய்யாத ஒருவரை அது காப்பாற்றவும் கூடும். ஆகவே இந்தக் காகித வேலையை யாரும் வெறும் சடங்காக நினைக்க வேண்டாம்.

போலீஸ் நம் வீட்டையே சோதனையிட வந்தால்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, கைப்பற்றிய ஒவ்வொரு பொருளையும் அது கிடைத்த இடத்தையும் பட்டியலாக எழுதி, சோதனையிட்ட அதிகாரி கையெழுத்திட வேண்டும். 65-ஆம் பிரிவுப்படி, வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை முழுவதும் உடனிருக்கலாம். கேட்டால் பட்டியலின் நகலையும் தர வேண்டும். ‘கேட்டால்’ என்றுதான் சட்டம் சொல்கிறது, எனவே கேளுங்கள். ‘செனாராய் போங்கார்’ (சோதனைப் பட்டியல்) என்றால் அவர்களுக்குப் புரியும். மகனின் கைப்பேசியை எடுத்துப் போகிறார்கள் என்றால், அதன் நிறமும் மாதிரியும் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயந்துபோய் எதையும் ஒளிக்கவோ துவைக்கவோ எரிக்கவோ வேண்டாம். குற்றவாளியைக் காப்பாற்றவென்று தெரிந்தே தடயத்தை அழிப்பது தண்டனைச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி தனிக் குற்றம். பெற்றவர் என்பதால் விலக்கு கிடையாது.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு அவர்களின் உடலும் உடையுமே தடயம். இதைச் சொல்வதே கனமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். குளிக்காமல், உடையைத் துவைக்காமல், முடிந்தவரை உடனே, 72 மணி நேரத்துக்குள்ளாவது, பினாங்கு பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடை மாற்றியிருந்தால் பழையதைக் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஒரே இடத்தில் சிகிச்சை, பரிசோதனை, ஆலோசனை எல்லாம் தரும் ஓ.எஸ்.சி.சி. என்ற ஏற்பாடு அங்கே உண்டு. முதலில் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போய் ரிப்போர்ட் செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் போகலாம், சிகிச்சைக்காகவாவது போக வேண்டும். ‘தாலியான் காசே’ (Talian Kasih) என்ற உதவி எண்ணில் எந்த நேரமும் அழைத்து உதவி கேட்கலாம்: 15999.

திருட்டுப்போன நகை மீண்டும் கிடைத்தால் அன்றைக்கே கைக்கு வராது. போலீஸ் கைப்பற்றிய பொருளைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், உரியவரிடம் கொடுக்கச் சொல்லி அவர்தான் உத்தரவிடுவார் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 413-ஆம் பிரிவு. வழக்கு நீதிமன்றம் ஏறிவிட்டால், அதே சட்டத்தின் 407-ஆம் பிரிவின்கீழ் விசாரணை நடக்கும்போதோ முடிவிலோ நீதிமன்றம் உத்தரவிடலாம். சங்கிலி உங்களுடையதுதான் என்று காட்ட நகைக்கடை ரசீதோ, அடகுக்கடைச் சீட்டோ, கல்யாணத்தில் அதை அணிந்து எடுத்த படமோ உதவும். ரிப்போர்ட் கொடுக்கும்போதே இவற்றின் நகலைக் கொடுங்கள்.

ரிப்போர்ட்டை எந்த பாலாயிலும் கொடுக்கலாம். மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் புகாரைப் பெறுவது போலீஸ் அதிகாரியின் கடமை. வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். புரியாமல் கையெழுத்திடாதீர்கள். அதன்பின் ஓசையே இல்லை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து 4 வாரம் கடந்துவிட்டால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பாலாய் பொறுப்பதிகாரியிடம் அறிக்கை கேட்கலாம். 2 வாரத்துக்குள் அவர் தர வேண்டும். விசாரணையைக் கெடுக்கக்கூடிய விவரம் மட்டும் அதில் இருக்காது. தராவிட்டால் அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் முறையிடலாம். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். ரிப்போர்ட் எண், தேதி, ஐ.ஓ.வின் பெயர் மூன்றும் அதில் இருக்கட்டும். இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 2 வாரக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.