பளபளக்கும் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் ஏன் விழுகிறது?

மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் பிரையர் புதரின் வேர்த்திரளைக் கடைந்து புகைக்குழாய் செய்யும் கைவினை, பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சேன் குளோத் நகரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வேரூன்றியது. வாயில் வைக்கும் தண்டை அக்காலக் கைவினைஞர்கள் எபோனைட் என்னும் கடின ரப்பரில் செய்தனர். கந்தகம் சேர்த்துக் கடினமாக்கப்படும் அந்த ரப்பர் வெளிச்சத்தில் நாளடைவில் பழுப்புப் பச்சையாக மங்கிவிடும். 1930களில் விற்பனைக்கு வந்த அக்ரிலிக், அதாவது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் பிளாஸ்டிக், அப்படி மங்குவதில்லை என்பதால் பின்னர் பல பட்டறைகளில் இடம்பிடித்தது. ஆனால் மரத்தையும் எபோனைட்டையும் துடைக்கப் பயன்படும் அதே ஆல்கஹாலை இதன்மீதும் பூசினால், சில நேரம் உடனேயும் சில நேரம் நாள் கழித்தும், உள்ளே வெள்ளிக் கோடுகள் போன்ற விரிசல்கள் தோன்றுகின்றன.

அசிட்டோனைப் போல ஆல்கஹால் அக்ரிலிக்கைக் கரைப்பதில்லை. விரிசலுக்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர வேண்டும்: திரவம் ஒன்று, பொருளுக்குள் ஏற்கெனவே தங்கியிருக்கும் தகைவு, அதாவது உள்ளிறுக்கம், மற்றொன்று. அக்ரிலிக் என்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் திரள். டிரில் மழுங்கியிருந்தாலும், மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் ஒரே இடத்தை அழுத்திப் பிடித்தாலும், உராய்வால் அவ்விடம் மட்டும் சூடேறி இளகுகிறது. ஆறும்போது சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதால், சங்கிலிகள் இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. முழுவதும் சீராக இளகும் முன்பே வளைத்த தண்டிலும் இதே நிலைதான். இழுவிசை மிகுந்த அவ்விடங்களில் ஆல்கஹால் மூலக்கூறுகள் எளிதாகப் புகுந்து, சங்கிலிகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்துகின்றன. சங்கிலிகள் நழுவி நுண்ணிய வெற்றிடங்கள் திறக்க, அந்தச் சங்கிலிகளாலான மெல்லிய இழைகள் மட்டுமே அவற்றின் இரு கரைகளையும் இணைத்து நிற்கின்றன. அந்த இழைகளும் அறுந்தால் அது உண்மையான பிளவாகிறது. கோடுகள் பெரும்பாலும் காற்றுத் துளையின் உட்புறத்திலும், மரத்துக்குள் செருகும் முனையிலும், வளைவிலும் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே பாதுகாப்பான துப்புரவு கடைசலிலேயே தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. கூர்மையான டிரிலால் மெல்லத் துளையிட்டு, அடிக்கடி வெளியே எடுத்துச் சீவல்களை நீக்க வேண்டும். மெருகேற்றும்போது தண்டைச் சக்கரத்தில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏறக்குறைய 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும் இப்பொருளை, 80 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்து மிக மெதுவாக ஆறவிட்டால், உறைந்த தகைவில் பெரும்பகுதி தளர்ந்துவிடும். பொறுமை வேண்டும் என்றாலும் இது வீண் வேலை அல்ல.

துடைப்பதற்குக் கை பொறுக்கும் வெந்நீரும் சில துளி மென்மையான பாத்திரம் கழுவும் திரவமுமே போதும். ஒட்டியுள்ள துகள்களை முதலில் நீரால் கழுவிவிட வேண்டும், ஏனெனில் உலர்ந்த துணியால் தேய்த்தால் அத்துகள்களே கீறல் போடும். சோப்புக்கு மசியாத மெழுகுப் பிசுக்கை, நாப்தா என்னும் பெட்ரோலியக் கரைப்பான் தொட்ட மென்துணியால் சட்டென்று துடைத்து, உடனே சோப்பு நீரில் கழுவலாம். நாப்தா எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் இதைச் செய்ய வேண்டும். தின்னர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகியவை பட்டறையில் இருந்தாலும் இதன் அருகே வரக்கூடாது.

பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. பிரையர் மரத்துக்கு ஏற்றும் சாயங்கள் பல ஆல்கஹாலில் கரைக்கப்பட்டவை. தண்டைப் பொருத்திய நிலையில் சாயம் பூசினால், இணைப்பின் இடுக்கு வழியே அது செருகுமுனைக்குள் இறங்கிவிடும். ஆகவே சாயம் ஏற்றி, ஆல்கஹால் முழுதும் ஆவியான பிறகே தண்டைச் செருக வேண்டும். மரத்தில் அக்ரிலிக் வளையம் ஒட்டியிருந்தால், அதை நாடாவால் மூடிவிட்டே சாயத்தைத் தொட வேண்டும்.