மேல்மரபியல்: சிறுவர் உடற்பருமனை விளக்க வந்த ஒரு சொல்

எபிஜெனெட்டிக்ஸ் என்ற சொல்லை 1942 இல் ஆக்கியவர் பிரித்தானிய உயிரியலாளர் கொன்ராட் வாடிங்டன். கரு படிப்படியாகவே உருப்பெறுகிறது என்னும் பழைய கொள்கைக்கு எபிஜெனசிஸ் என்று பெயர். அதனோடு மரபியலை இணைத்தே அவர் புதிய சொல்லை அமைத்தார். 'எபி' என்ற கிரேக்க முன்னொட்டு மேல், மீது என்று பொருள்படும். டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறாமலே, எந்த மரபணு இயங்கும், எது அடங்கிக் கிடக்கும் என்பதை முடிவுசெய்யும் மாற்றங்களை ஆராயும் துறைக்கே இன்று இப்பெயர் வழங்குகிறது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது மெதைல் என்னும் சிறு வேதிக்கூட்டம் ஒட்டிக்கொள்ளும் மெதைலேற்றம் அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது.

தமிழில் புறமரபியல் என்றும் மேல்மரபியல் என்றும் எழுதுகிறார்கள். பின்னதே பொருத்தம் என்பது என் கருத்து. 'புறம்' என்றதும் வெளிச்சூழலே மனத்தில் தோன்றும். இங்கே பேசப்படும் மெதைல் போன்ற குறியோ டி.என்.ஏ.யின் மீதே அமர்ந்திருப்பது. எபிடெர்மிசை மேற்றோல் என்றும் எபிதீலியத்தை மேலணி என்றும் நம் உயிரியல் மாணவர்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள். மரபியலுக்கு இலங்கைப் பாடநூல் வழக்கான பிறப்புரிமையியலோடு சேர்த்து மேற்பிறப்புரிமையியல் என்றும் சொல்லலாம். ஆனால் நாவுக்கு அது நீளம்.

ஒரே தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்த தேயிலை நாற்றுகள், மரபு ஒன்றாயிருந்தும் நுவரெலியா மலையில் ஒரு விதமாகவும் கீழ்நாட்டில் வேறு விதமாகவும் வளர்வதைத் தோட்டத்து மக்கள் கண்டிருப்பார்கள். கருவறையும் ஒரு நிலந்தான். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் நிலவியது. கர்ப்பத்தின் முற்பாதியில் அப்பஞ்சத்துக்கு ஆளான தாய்மாரின் ஆண்பிள்ளைகளிடம், 19 வயதில் உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டதாக 1976 இல் வெளியான ஆய்வு காட்டியது. கருத்தரிப்பை ஒட்டிய காலத்தில் பஞ்சத்துக்கு உட்பட்டவர்களிடம், வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் மெதைலேற்றம் ஆறு தசாப்தங்களுக்குப் பின்னரும் குறைந்திருந்ததை 2008 இல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டது. எனினும் பருமனானவர்களிடம் காணும் எல்லா மெதைலேற்ற வேறுபாடும் பருமனுக்குக் காரணமன்று. பல இடங்களில் அது பருமனின் விளைவாகவே இருக்கிறது.

இலங்கையின் மலையகத்தில் இச்சொல்லைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டிய தேவை பெரிது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாட்டின் சராசரியோ 17 சதவீதம். கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் ஏறிய தாய்க்கு, கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியுமே பெரும்பாலான வேளை உணவாக இருந்து, பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால், சிக்கனமாக வாழப் பழகிய அந்த உடல் பின்னாளில் பிஸ்கட்டையும் இனிப்புப் பானத்தையும் எதிர்கொள்ளும்போது கொழுப்பைச் சேர்த்துவைக்க முற்படலாம். கர்ப்பகால நீரிழிவும் புகைத்தலும் இவ்வாறே குறிகளை மாற்றக்கூடியவை. ஃபோலேட்டும் பி12 உயிர்ச்சத்தும் மெதைலேற்றத்துக்குத் தேவையான வேதிப்பொருளை உடல் உண்டாக்க உதவுகின்றன. அதனால் கருத்தரிப்புக்கு முன்பே தொடங்கும் தாய்மாரின் உணவு இதில் பேச்சுக்கு வருகிறது.

எழுதும்போது 'மேல்மரபுக் காரணிகள்', 'மேல்மரபுக் குறி' என்று வழங்கலாம். 'பரம்பரைக் காரணி' என்று எழுதுவது பிழை: அது எழுத்து வரிசையோடு கைமாறும் குணத்தைச் சுட்டி, மாற்ற முடியாத விதி என்ற எண்ணத்தைத் தருவதோடு, உணவும் ஓய்வும் கிடைக்காத தாய்மீதே பழியையும் சுமத்திவிடுகிறது.