நோயற்ற இறாலும் நோய் தாங்கும் இறாலும்

இந்தியாவில் 2009இல் வனாமி இறால் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து, ஹவாய் போன்ற இடங்களிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தல் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்கின்றன. குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இவற்றில் இல்லை என்பதே அவற்றுக்கான சான்று. அந்த இறால் எங்கே, எத்தகைய நீரில் வளர்ந்தது என்பதை மட்டுமே இது சொல்கிறது; அதன் மரபணுக்களில் எதிர்ப்புத்திறன் இருக்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. நோயற்ற குஞ்சை வாங்கி விட்ட குளத்தில் நோய் வந்துவிட்டதென்று வியப்பவர்கள், இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் வைரஸ், ஏறத்தாழ 3 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) நீளமுள்ள வட்டவடிவ டிஎன்ஏவைக் கொண்டது. 1992 வாக்கில் கிழக்காசியாவில் தலைகாட்டி, 1994இல் இந்தியாவின் புலி இறால் குளங்களை அடைந்து, 1999இல் எக்வடோரையும் எட்டிய இந்த வைரஸ், சில நாட்களுக்குள் ஒரு குளத்தையே காலி செய்துவிடக் கூடியது. இறாலுக்கு நம்மைப்போல் எதிர்ப்பொருள்களை உருவாக்கும் ஆற்றல் இல்லை என்பதால், வழக்கமான தடுப்பூசிக்கும் இங்கே இடமில்லை. எனவேதான் தேர்வு இனப்பெருக்கத்தின்மீது நம்பிக்கை வைக்கப்பட்டது.

அந்த நம்பிக்கை ஒரு நோயில் பலித்தது. எக்வடோரின் தவுரா ஆற்றுப் பகுதியில் 1992இல் வனாமி இறால்கள் மடிந்தபோது, வாழைத் தோட்டங்களில் தெளித்த பூஞ்சைக்கொல்லியே காரணம் எனப் பலர் கருதினர்; அது ஓர் ஆர்என்ஏ வைரஸ் என்பது பிறகே உறுதியானது. பிழைத்த குடும்பங்களைத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியதில், தவுரா நோயைத் தாங்கும் இறால் மரபுவரிசைகள் உருவாயின. வெள்ளைப்புள்ளி நோய்க்கு அதே முறை எளிதில் கைகொடுக்கவில்லை. கொலம்பிய ஆய்வுகளில் இந்நோயைத் தாங்கும் பண்பு பெற்றோரிடமிருந்து மிகக் குறைவாகவே கடத்தப்படுவது தெரிந்தது. மேலும், தாங்கும் குடும்பங்கள் எடையில் பின்தங்கும் போக்கும் காணப்பட்டது. எடைக்கே பணம் பெறும் பண்ணையாளருக்கு இது சிறிய இடையூறன்று.

இதைவிட வியப்பானது, வைரஸின் துண்டுகள் இறாலின் மரபணுத்தொகுதியிலேயே குடியேறிவிடுவதாகும். 1981இல் ஹவாயில் கண்டறியப்பட்டதும், வனாமியில் குட்டையான, வளைந்த உடல்களை உண்டாக்குவதுமான ஒரு சிறிய டிஎன்ஏ வைரஸின் பகுதிகள், சில புலி இறால்களின் குரோமோசோம்களில் பதிந்திருக்கின்றன. அத்துண்டுகளிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ, உள்ளே நுழையும் அதே வைரஸின் ஆர்என்ஏவை அடையாளங்கண்டு வெட்ட உதவக்கூடும் என்பது ஆய்வாளர் சிலரின் கருதுகோள். அப்படியானால், எதிர்ப்பொருள் இல்லாத உயிரினத்துக்கு இது பரம்பரையாகக் கைமாறும் ஒருவகை நினைவாகிவிடும். எல்லாத் துண்டும் இப்படிப் பயன்படும் என்று சொல்வதற்கில்லை.

ஆய்வகத்தில் இது ஒரு சிக்கலையும் கிளப்புகிறது. பதிந்த துண்டையே தேடும்படி வகுக்கப்பட்ட பிசிஆர் சோதனை, வைரஸே இல்லாத இறாலையும் நோயுற்றதாகக் காட்டும். ஆகவே, பதிந்த துண்டையும் உயிர்ப்புள்ள வைரஸையும் பிரித்தறியும் சோதனைகள் பின்னர் வகுக்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தாமல் தாய் இறால்களைக் கழிக்கும் பொரிப்பகம், அந்தக் கருதுகோள் மெய்யாக இருக்கும் பட்சத்தில், நோயைத் தாங்கவல்ல இறால்களையே கழித்துக்கொண்டிருக்கலாம்.